கோபுரமில்லாத ஜெபவீடு

கட்டடங்கள் பேசும் இயல்புடையன. ஒரு கூடத்தினுள் அடியெடுத்து வைத்த அளவிலே, இங்கு யார் அமர்வர், யார் நிற்பர், யார் உரைப்பர், யார் வாய்மூடிக் கேட்பர் என்பதனை அக்கூடமே நமக்கு அறிவித்துவிடும். ஞாயிறுதோறும் கேட்கும் பிரசங்கம் மறுவாரத்தில் மறந்துபோகின்றது. பிரசங்க பீடம் தரைக்குமேல் எத்தனை படி உயர்ந்து நின்றது என்பதோ சிறுவயது முதல் நம் நெஞ்சைவிட்டு அகல்வதில்லை. ஆதலின், ஒரு சபையார் கட்டும் ஆலயம் அவர்கள் தம்மையறியாமலே எழுதி வைக்கும் விசுவாசப் பிரமாணம் எனலாம்.

இதனை இப்பொழுது எழுத நேர்ந்த காரணத்தை முதற்கண் கூறிவிடுதல் நலம். தாயில்பட்டிக்கு அணித்தாயுள்ள எமது சிற்றூரில் ஒரு பழைய ஜெபவீடு உண்டு. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய நான்கு சுவர்கள், பனங்கைகளின்மேல் நாட்டோடு, வாயிலிலே ஒரு வேம்பு, அதன் கிளையில் ஒரு மணி. உள்ளே விசிப்பலகைகள் இல்லை. பாய் விரித்தே அமர்வோம். சென்ற விடுமுறையில் கூடிய சபைக் கூட்டத்திலே, இதனை இடித்துவிட்டு இரட்டைக் கோபுரத்தோடு கான்கிரீட்டு ஆலயம் ஒன்று எழுப்பவேண்டும் என்று பேசப்பட்டது. குடும்பத்துக்கு இவ்வளவு என வரியும் குறிக்கப்பட்டது. தீப்பெட்டியும் பட்டாசும் செய்து வாரக்கூலி பெறுவோரே எம் சபையிற் பெரும்பாலோர். வேலை செய்யுமிடத்தில் முன்பணம் வாங்கியே அவர்கள் அவ்வரியைச் செலுத்துதல் கூடும். முடிவு அசனப் பண்டிகைக்குப் பின் என்றனர். கல்லூரியிற் படிப்பவன் என்ற முறையில் என் கருத்தையும் வினவினர். அன்று எனக்கு நாவெழவில்லை. விடுதிக்கு மீண்டபின் படித்தும் எண்ணியும் தெளிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றேன். எம்மூர் நிலையே இன்று தமிழ்நாட்டுச் சிற்றூர்ச் சபைகள் பலவற்றின் நிலையும் ஆதலின், இது பிறர்க்கும் பயன்படலாம்.

என் எண்ணத்தைத் திருப்பியது, கடல் கடந்த நாட்டிலுள்ள ஒரு சிறு கட்டடத்தின் வரலாறு. இங்கிலாந்தின் வடபகுதியில், செட்பர் என்னும் ஊரை அடுத்த பிரிக்பிளாட்ஸ் என்னும் குக்கிராமத்தில், 1675-ஆம் ஆண்டில் எழுந்த கூட்டவீடு ஒன்று இன்றும் உளது. அது நண்பர் சங்கத்தாருடையது. குவேக்கர் என்று உலகம் வழங்குவது இவர்களையே. சங்கத்தை நிறுவிய ஜார்ஜ் பாக்ஸ் (1624–1691) நெசவாளர் ஒருவரின் மைந்தர். இளமையிற் செருப்புத் தைக்கும் தொழில் பயின்றவர். கர்த்தருடைய வார்த்தைக்கு நடுங்குங்கள் என்று அவர் கூறியதைக் கேட்ட நீதிபதி ஒருவர் 1650-ஆம் ஆண்டில் இகழ்ச்சியாக வழங்கிய பெயரே ‘நடுங்குவோர்’ எனப் பொருள்படும் குவேக்கர் என்பது. இகழ்ந்தோர் இட்ட பெயரே பின்னர்ப் புகழ்ப் பெயராயிற்று.

1652-ஆம் ஆண்டில், செட்பருக்கு அண்மையிலுள்ள பர்பாங்குக் குன்றிலே பாக்ஸ் பெருங்கூட்டத்தினர்க்குப் போதித்தார். அருகிலே ஒரு சிற்றாலயம் இருந்தது. அதனுள் அவர் புகவில்லை. வெளியிலிருந்த பாறைமேல் நின்றே பேசினார். திருச்சபை என்பது விசுவாசிகளின் கூட்டமேயன்றிக் கல்லும் மரமும் அன்று என்பது அவர் கொள்கை. ஆதலின் ஆலயங்களைச் ‘சபை’ என்று சொல்ல மறுத்து, ‘கோபுரவீடு’ என்றே அவர் குறிப்பிட்டு வந்தார்.

இக்கொள்கைக்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. 1664-ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு குடும்பத்தார் நீங்கலாக ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் அரசாங்கச் சபை முறைக்குப் புறம்பான வழிபாட்டுக்குக் கூடுதல் குற்றம் என்று விதித்தது. ஆயிரக்கணக்கானோர் சிறை புகுந்தனர். பிரிஸ்டல் நகரிலே 1682-ஆம் ஆண்டில் பெற்றோர் சிறைப்பட்டபொழுது பிள்ளைகளே கூடி வழிபாட்டை நடத்தினர். லண்டனை அடுத்த ஹார்ஸ்லிடவுன் என்னுமிடத்துக் கூட்டவீட்டை 1670-ஆம் ஆண்டிற் போர்வீரர் இடித்துத் தள்ளினர். நண்பர்கள் அவ்விடிபாட்டின்மீதே கூடி வழிபட்டனர். 1689-ஆம் ஆண்டில் சகிப்புச் சட்டம் பிறந்த பின்னரே இவர்கள் அச்சமின்றி வீடு கட்டலாயிற்று. பிரிக்பிளாட்ஸ் வீடோ அதற்குப் பதினான்காண்டு முன்னரே, கூடுதலே குற்றமாயிருந்த காலத்தில் எழுந்தது.

அவ்வீட்டின் அமைப்பைச் சற்று நோக்குவோம். வெளியிலிருந்து காண்போர்க்கு அஃது ஓர் உழவன் வீடுபோலவே தோன்றும். வெள்ளையடித்த கற்சுவர், சிறு முகப்பு, பலகணிகள்; அவ்வளவே. கோபுரம் இல்லை, மணி இல்லை, சிலுவையும் இல்லை. உள்ளே பலிபீடமும் பிரசங்க பீடமும் ஞானஸ்நானத் தொட்டியும் இல்லை. பலகைகள் ஒன்றையொன்று நோக்கி இடப்பட்டிருக்கும். மாடிப்படியின் அடியில் ஒரு சிறு கொட்டிலும் உண்டு. ஆடு மேய்ப்போர் தம்மோடு வந்த நாய்களைக் கூட்டம் முடியுமளவும் அதிலே அடைத்து வைப்பராம். மேய்ப்பனை அழைப்போர் அவன் நாய்க்கும் இடம் நினைந்து கட்டினர்! எங்கள் ஊரில் ஆட்டுக்கிடை போடுவோர் ஆலயப் பக்கமே வரத் தயங்குவதை எண்ணினேன். அக்கொட்டில் எனக்குச் சிறியதாகத் தோன்றவில்லை.

இவ்வமைப்பு வறுமையால் நேர்ந்ததன்று. வழிபாட்டு முறையிலிருந்து பிறந்தது. நண்பர்கள் கூடி மௌனமாக அமர்வர். எவர் உள்ளத்திலேனும் ஆவியானவரின் ஏவுதல் உண்டாயின், ஆணாயினும் பெண்ணாயினும், அவர் எழுந்து சிறிது பேசுவர். மீண்டும் மௌனம் நிலவும். குருவென்று தனியே ஒருவர் இலர். ஆதலின் பீடமும் இல்லை. எவரும் பேசலாம், ஆதலின் எல்லோரும் ஒருவரையொருவர் காணும்படி இருக்கைகள் அமைந்தன. பெண்கள் பேசுதல் தகும் என்று மார்கரெட் பெல் அம்மையார் 1666-ஆம் ஆண்டிலேயே நூலெழுதினார். இறந்தோரை அடக்கும் நிலத்திலும் இம்முறையே வழங்கிற்று. நெடுங்காலம் கல்லறைக்கற்களையே விலக்கி, 1850-ஆம் ஆண்டில்தான் லண்டன் ஆண்டுக்கூட்டத்தார் எளிய கற்களை அனுமதித்தனர். பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென், 1688-ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட ஜார்டன்ஸ் கூட்டவீட்டின் அருகே 1718-ஆம் ஆண்டில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பெரிய மனிதர். அவர்க்கும் பெரிய கல் இல்லை. நம்மவரோ குழல்விளக்கின் ஒளி மறையுமளவுக்கு அதன்மேல் உபயதாரர் பெயரை எழுதுகின்றோம்.

நிற்க. இவையெல்லாம் மேனாட்டுச் செய்தி. நம் மண்ணுக்கு ஒவ்வா என்பார் உளர். நம் மண்ணிலேயே இதனோடு உறவுடைய வரலாறு ஒன்று உண்டு. இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், வத்திராயிருப்புக்கு அருகில், கிறிஸ்தியான்பேட்டை என்னும் ஊரை 1840-ஆம் ஆண்டில் அமைத்தவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பனார் (1810–1867). இவர் பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் பயின்றவர். 1833-ஆம் ஆண்டில் இந்தியா போந்த அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ் என்பாரின் நட்பைப் பெற்றவர். குரோவ்ஸ் பல் மருத்துவராயிருந்து ஊழியம் மேற்கொண்டவர்; குருத்துவ அபிஷேகம் பெறாத விசுவாசிகளும் கூடி அப்பம் பிட்கலாம் என்ற கொள்கையினர். அவரும் அவர் தோழரும் தோற்றிய சகோதரர் சபைகளில், 1835-ஆம் ஆண்டை அடுத்து நண்பர் சங்கத்தில் எழுந்த பிணக்கின் விளைவாகக் குவேக்கர் பலரும் வந்து சேர்ந்தனர். ஆதலின் கிறிஸ்தியான்பேட்டைக்கும் பிரிக்பிளாட்ஸுக்கும் நேரான உறவு இல்லையாயினும், தாயாதி உறவு உண்டு என்னலாம்.

அருளப்பனார் எந்தச் சங்கத்தின் சம்பளத்தையும் ஏற்காது, விசுவாசத்தையே முதலாகக் கொண்டு ஊழியம் செய்தார். அவர் நண்பர் சங்கத்தார் போன்று மௌன வழிபாடு நடத்தியவர் அல்லர்; வேத வாசிப்பையும் திருவிருந்தையும் போற்றியவர். ஆயினும், தேவனுடைய வார்த்தையைப் பேசுதல் ஒரு வகுப்பாரின் தனியுரிமை அன்று என்பதில் இரு திறத்தாரும் ஒன்றுபட்டனர். 1860-ஆம் ஆண்டில் அவர் சபையிலே தொடங்கிய எழுப்புதல் திருநெல்வேலிச் சீமையின் பல சபைகளிலும் பரவிற்று. எளிய ஆண்களும் பெண்களும் வாய்திறந்து சாட்சி கூறினர். கோபுரம் எழுப்பிய எழுப்புதலன்று அது.

சிவகாசிக்கும் இதுபோன்ற நினைவு ஒன்று உரியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1841-ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் நான்காமவராகத் தேறிய ராக்லண்டு ஐயர், 1854-ஆம் ஆண்டு முதல் வடதிருநெல்வேலியிலே கூடாரம் அடித்து ஊரூராகச் சென்று போதித்து, 1858-ஆம் ஆண்டிலே சிவகாசியில் உயிர்நீத்தார். இப்பகுதியிற் பல ஊர்களுக்கு அவர் கூடாரமே முதல் ஆலயமாயிற்று. நம் முன்னோர் சுவிசேஷத்தைக் கேட்டது சுண்ணாம்புச் சுவருக்குள்ளும் அன்று. துணி நிழலிலும் மரத்தடியிலுமே.

இனி, கட்டடம் கொள்கையை உரைக்கும் என்றேன். நல்ல கொள்கையை மட்டுமே உரைக்கும் என்றேனில்லை. திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1872-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற கத்தோலிக்க ஆலயம் இரண்டு நடைக்கூடங்களோடு கவடுபோலக் கட்டப்பட்டது. சாதியார் ஒரு பாதியிலும் மற்றையோர் ஒரு பாதியிலும் அமர, நடுவே சுவர் நின்றது. பீடம் ஒன்று, ஆண்டவர் ஒருவர், சுவர் மட்டும் இரு திறத்தாரைப் பிரித்தது! 1910-ஆம் ஆண்டில் அச்சுவர் அகற்றப்பட்டது. அகற்றியபோது எழுந்த எதிர்ப்பைக் கொண்டே, அச்சுவர் செங்கல்லால் மட்டும் கட்டப்பட்டதன்று என அறியலாம்.

குவேக்கரும் இக்குற்றத்துக்கு விலக்கல்லர் என்பதைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. அமெரிக்காவில் அவருட் பலர் முன்னாளில் அடிமைகளை வைத்திருந்தனர். 1776-ஆம் ஆண்டில்தான் பிலடெல்பியா ஆண்டுக்கூட்டத்தார் அடிமை வைத்திருத்தலைத் தம் உறுப்பினர்க்கு முற்றும் விலக்கினர். அதற்குப் பின்னும் அந்நகரத்துக் கூட்டவீட்டிலே கறுப்பினத்தார்க்கெனத் தனிப் பலகை ஒன்று ஒதுக்கப்பட்டிருந்தது. சாரா மாப்ஸ் டக்ளஸ் (1806–1882) என்னும் ஆசிரியை தாமும் தம் அன்னையும் அப்பலகையில் அமர நேர்ந்த துயரை எழுதிவைத்துள்ளார். கோபுரம் இல்லை, பீடம் இல்லை, சித்திரம் இல்லை. ஆயினும் ஒரு பலகை இருந்தது. எளிமையாகக் கட்டிவிட்டதனாலேயே ஒரு வீடு சமமாகிவிடாது என்பதற்கு இதனினும் கடிய சான்று வேண்டுமோ? ஆகவே, கோபுரம் உண்டா இல்லையா என்பதன்று முதல் வினா. உள்ளே யார் எங்கே அமர்கின்றனர் என்பதே முதல் வினா.

எதிர்த்தரப்பாரின் நியாயத்தையும் யான் அறிவேன். அதனை எம்மூர்ப் பெரியவர் ஒருவரே அக்கூட்டத்தில் எடுத்துரைத்தார். “தம்பி, கோபுரத்துக்குள்ளே நுழையாதே என்று விரட்டப்பட்டவர்கள் நம்முடைய பாட்டன்மார். நமக்கென்று ஒரு கோபுரம் வேண்டும் என்று நாங்கள் ஆசைப்படுவது குற்றமா?” என்றார். அச்சொல்லே அன்று என் நாவைக் கட்டியது. 1899-ஆம் ஆண்டிலே சிவகாசியில் ஆலயப் பிரவேச உரிமைபற்றி மூண்ட கலகத்தில் வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாய்ந்தன. அந்நினைவு மாறாத நிலத்தில் உயரம் என்பது வெறும் ஆடம்பரமன்று; பட்ட இழிவுக்கு அளிக்கும் விடையாகும். மெய்ஞ்ஞானபுரத்திலே ஜான் தாமஸ் ஐயர் எழுப்பிய ஆலயத்தின் கூர்ங்கோபுரம் ஏறத்தாழ 190 அடி உயர்ந்து, தேரிமணல் நாட்டிலே நெடுந்தொலைவுக்குத் தோன்றுகின்றது. பனையேறும் மக்கள் அதனை நிமிர்ந்து நோக்கித் தாமும் நிமிர்ந்தனர் என்பதை யார் மறுப்பர்?

ஆயினும் அப்பெரியவர்க்கு வணக்கத்தோடு யான் கூறும் விடை இது: ஐயா, பாட்டனாரை விரட்டியது கோபுரத்தின் உயரமன்று, அதன் வாயில். அவர் வேண்டியது உயரத்தை அன்று. உள்ளே சென்று பிறரோடு ஒத்து நிற்கும் உரிமையை. அவ்வுரிமை எம் பழைய ஜெபவீட்டின் பாயிலே எமக்குக் கிடைத்தது. ஆலை முதலாளியும் அவரிடம் கூலி பெறுபவரும் அங்கே ஒரே தரையில் முழங்கால் மடக்குகின்றனர். புதிய ஆலயத்துக்கென வரைந்து வந்த படத்தைக் கண்டேன். அதிலே மூன்று படி உயர்ந்த பீடமும், முன்வரிசையிற் பெருந்தொகை தருவோர்க்கு நாற்காலியும் குறிக்கப்பட்டிருந்தன. வெளியே நாம் உயர்வோம். உள்ளே மீண்டும் நம்முட் சிலர் தாழ்வர். பாட்டனார்க்கு இதுவோ கைம்மாறு?

எம் நாட்டுக்கே உரிய மற்றொரு கட்டடத்தையும் இங்கு நினைவூட்டுவேன். எம்மவர் ‘ஆபீஸ்’ என்று வழங்கும் பட்டாசுச் சாலைகளிலே, மருந்து கையாளும் அறைகள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுத் தனித்தனியே கட்டப்படுதல் வேண்டும். கதவுகள் வெளிப்புறம் திறத்தல் வேண்டும். ஓர் அறையில் நால்வருக்குமேல் இருத்தல் ஆகாது. ஒன்றிலே தீப்பற்றின் மற்றதற்குப் பரவாமைப் பொருட்டு ஏற்பட்ட விதி இது. ஐவர் கூடுதல் குற்றம் என்ற இங்கிலாந்துச் சட்டம் மக்களைக் கண்டு அஞ்சி எழுந்தது. நால்வருக்குமேல் கூடாது என்ற இவ்விதி மக்களின் உயிருக்காக அஞ்சி எழுந்தது. அஞ்சிக் கட்டும் அறைகளிலே வாரமெல்லாம் பிரிந்திருந்து உழைப்போர், அஞ்சாது ஒருங்கே கூடி ஒருவர் முகத்தை ஒருவர் காணும் கூடம் ஒன்றே, அதுதான் ஜெபவீடு.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்துச் சாலை ஒன்றில் வெடிவிபத்து நேர்ந்தது. மாலையிலே மணி அடிக்கப்படவில்லை. ஆயினும் ஒவ்வொருவராக ஜெபவீட்டுக்கு வந்தனர். பிற சமயத்தாரும் வந்தனர். உபதேசியார் வேதத்தைத் திறந்தார். வாசிக்க இயலாது மூடிவிட்டார். அதன்பின் யாரும் பேசவில்லை. சுவரோரமாக, முன் பின் என்ற வேறுபாடின்றி, நள்ளிரவுமட்டும் அமர்ந்திருந்தோம். நெடுநேரம் சென்று, மகளை இழந்த தாய் ஒருத்தி எழுந்து, “அவளுக்கு நாளைக்குக் கூலி வரும் நாள்” என்று மட்டும் சொல்லி அமர்ந்தாள். மறுபடியும் அமைதி. அன்றைய ஆராதனையைவிட மெய்யான ஆராதனையை யான் கண்டதில்லை. குவேக்கர் என்ற பெயரையும் அப்பொழுது யான் கேட்டதில்லை. மௌனத்தின் பெருமையைத் தாயுமானவரைப் பெற்ற தமிழுக்கு மேனாட்டார் வந்து கற்பிக்க வேண்டுவதில்லை. அம்மௌனத்துக்கு ஏற்ற கூடம் எம்மிடத்தே ஏற்கெனவே இருந்தது என்பதையே பிரிக்பிளாட்ஸ் எனக்கு உணர்த்தியது.

ஆதலின், எம் சபையார்க்கு யான் விண்ணப்பிப்பன சில. பழைய சுவர்களை இடித்தல் வேண்டா, ஓட்டை மாற்றுவோம், பழுதுற்ற பனங்கைகளை நீக்குவோம், இடம் போதாதாயின் இருபுறமும் தாழ்வாரம் இறக்குவோம். முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் நாற்காலி இடுவோம், பணம் தந்தோர்க்கன்று. பிரசங்க பீடத்தை ஒரு படியளவில் நிறுத்துவோம். உபயதாரர் பெயர்களைச் சுவரில் எழுதாது கணக்குப் புத்தகத்தில் எழுதுவோம். மிகும் பொருளைக் கொண்டு, சாலை விபத்திலே உழைப்பாளியை இழக்கும் குடும்பங்களுக்கு ஒரு நிதி ஏற்படுத்துவோம். மாதம் ஒருமுறையேனும் ஆராதனையிலே ஒரு நாழிகை அமைதியாக அமர்ந்து, பேச விரும்பும் எவர்க்கும் இடந்தருவோம்.

இறுதியாக ஒன்று. குவேக்கர் தம் சபைக் காரியங்களிலே கைதூக்கி எண்ணி முடிவு செய்வதில்லை. எல்லோர் மனமும் ஒருவழிப்படுமளவும் காத்திருந்து, எழுத்தர் அதனைக் குறிப்பாக எழுதி எல்லோர்க்கும் வாசித்துக் காட்டுவர். எம்மூர்க் கூட்டத்திலோ கை தூக்கியோர் அனைவரும் ஆண்கள். அவ்வரியின் பெரும்பகுதியைத் தம் விரல் தேயத் தீக்குச்சி அடுக்கியும் திரி முறுக்கியும் ஈட்டித் தரப்போகும் பெண்கள் பின்னே பாயில் அமர்ந்திருந்தனர். அவர்களை ஒருவரும் வினவவில்லை. யானும் வினவவில்லை. அக்குற்றத்தை ஒப்புக்கொண்டே இதனை எழுதுகின்றேன். அசனப் பண்டிகைக்குப் பின் கூடும் கூட்டத்தில் முதலில் அவர்கள் பேசட்டும். அவர்கள் கோபுரமே வேண்டுமென்பராயின் யானும் கல் சுமப்பேன்.

ஹார்ஸ்லிடவுனில் வீடு இடிந்தபின்னும் சபை இருந்தது. ஏனெனில், இடித்தவர் பிறர். தம் வீட்டைத் தாமே இடித்து, தம்முள் எளியோரைக் கடனாளியாக்கி எழுப்பும் வீட்டிலே சபை எஞ்சியிருக்குமோ என்பதே என் ஐயம். பெரியோர்களும் என் போன்ற இளைஞர்களும் இதனைச் சிந்திப்பார்களாக.